தங்கமா, அலுமினியமா? மெட்டல் டிடெக்டர் தேடலில் பிரித்தறியும் முறைகள்

மண்ணுக்குள் கிடக்கும் தங்க மோதிரத்தையும் அலுமினியக் குப்பையையும் ஐயத்துக்கு இடமின்றிப் பிரித்துக் காட்டும் மெட்டல் டிடெக்டர் எதுவும் கிடையாது. திரையில் தெரியும் எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. ஒரு பொருளுக்குள் மின்னோட்டம் எவ்வளவு எளிதாகச் சுழல்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. நடுத்தரமான ஒரு தங்க மோதிரமும் குளிர்பான டின்னைத் திறக்கும் அலுமினிய வளையமும் அந்தக் கணக்கில் ஒரே இடத்தில் வந்து விழக்கூடும். ஆகவே தேடுபவர் கற்க வேண்டியவை இரண்டு. எந்த அறிகுறிகள் வாய்ப்பைத் தங்கத்தின் பக்கம் கொண்டுபோகின்றன என்பது ஒன்று. ஓர் எண்ணைத் தோண்டாமல் கடந்து போனால் அதோடு எதை இழக்கிறோம் என்பது மற்றொன்று.

இந்த அத்தியாயம் அமெரிக்கப் பூங்காக்களையும் கடற்கரைகளையும் களமாகக் கொள்கிறது. பல பத்தாண்டுகளின் டின் குப்பையும் கைநழுவி விழுந்த 10, 14 காரட் மோதிரங்களும் அங்கே ஒரே மண்ணில் கலந்து கிடப்பதால், இந்தச் சிக்கல் அங்கேதான் முழு அளவில் தெரியும்.

ஒரே எண் வருவதன் காரணம்

பொதுவாகப் புழங்கும் டிடெக்டர்களின் அடிப்பகுதியில் உள்ள சுருள், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலத்தில் அகப்படும் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்க, அதைக் கருவி திரும்பப் பெறுகிறது. அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் இடையே ஏற்படும் பின்னடைவை அளந்து, கருவி அதை ஓர் எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகிறது. மின்னோட்டம் தடையின்றிச் சுழலும் பொருளுக்கு எண் உயரும். தடை மிகுந்த பொருளுக்கு எண் தாழும்.

தடையைத் தீர்மானிப்பது உலோகத்தின் இயல்பு மட்டும் அன்று. பொருளின் விட்டம், தடிப்பு, வடிவம், மண்ணில் கிடக்கும் வாக்கு ஆகிய எல்லாமே அதில் பங்கு கொள்கின்றன. ஒரே அலுமினியம் மெல்லிய தாளாக இருந்தால் மிகத் தாழ்ந்த எண்ணும், டின் வளையமாக இருந்தால் நடுத்தர எண்ணும், முழு டின்னாக இருந்தால் உயர்ந்த எண்ணும் தருவது இதனால்தான்.

தூய தங்கம் அலுமினியத்தைவிடச் சற்று நன்றாகவே மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் நகையில் இருப்பது தூய தங்கம் அல்ல. 14 காரட் நகையில் தங்கம் 58.3 விழுக்காடு, மீதி வெள்ளி, செம்பு, துத்தநாகம் போன்றவை. இந்த அணுக்கள் தங்கத்தின் அணு ஒழுங்கைக் குலைத்து, எலக்ட்ரான்களின் பாதையைத் தடுக்கின்றன. அதனால் 14 காரட் தங்கத்தின் மின்தடை தூய அலுமினியத்தினுடையதைவிடப் பல மடங்கு கூடிவிடுகிறது. தடிப்பு இதற்கு ஈடு கட்டுகிறது. டின் வளையம் சுமார் கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டில் செய்யப்படுகிறது. மோதிரமோ ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிப்பு இருக்கும். நன்றாகக் கடத்தும் மெல்லிய தகடும் சுமாராகக் கடத்தும் தடித்த வளையமும் இப்படித்தான் ஒரே எண்ணில் சந்திக்கின்றன.

அலுமினியக் குப்பையின் வகைகள்

அலுமினியக் குப்பைகளில் மிகத் தாழ்ந்த எண் தருவது ஃபாயில் தாள். சாக்லேட் உறை, சிகரெட் பெட்டியின் உள்தாள், உணவு பொதியும் தாள் ஆகியவை கிழிந்தும் சுருண்டும் கிடக்கும். சிறு துண்டு, எண் வரிசையின் அடியில் நிற்கும் இரும்புக்குச் சற்று மேலே ஒலிக்கும். கசக்கி உருண்டையாக்கிய தாள் அதைவிட உயரும்.

அடுத்தது டின் வளையம். ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய திறப்பு, டின்னிலிருந்து முழுதாகப் பிய்ந்து கையோடு வந்துவிடும். வட்ட வளையமும் அதில் ஒட்டிய நாக்குப் போன்ற தகடும் கொண்ட அந்தத் துண்டைக் குடித்தவர்கள் நின்ற இடத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள். 1975-இல் ரெனால்ட்ஸ் மெட்டல்ஸ் நிறுவனத்தின் டேனியல் குட்சிக் வடிவமைத்த, டின்னோடு ஒட்டியே நிற்கும் திறப்பு சந்தைக்கு வந்தது. அதன் பின் பழைய வகை படிப்படியாக மறைந்தது. ஆனால் மண்ணில் விழுந்தவை அப்படியே இருக்கின்றன. நாக்கு ஒடிந்து வளையம் மட்டும் எஞ்சிய துண்டு, மோதிரத்தைப் போலவே வட்டமாக இருப்பதால் மிகவும் ஏமாற்றும். புதிய வகைத் திறப்பையும் பலர் ஆட்டி ஒடித்துப் போடுவதால், நீள்வட்டமான அந்தத் துண்டுகளும் பூங்காக்களில் ஏராளம்.

மூன்றாவது, பாட்டில்களின் அலுமினியத் திருகுமூடி. இது பெரும்பாலான மோதிரங்களுக்கு மேலே, அமெரிக்காவின் துத்தநாக ஒரு சென்ட் நாணயத்தின் அருகில் ஒலிக்கும். கனமான ஆண் மோதிரங்கள் சில இந்த இடம் வரை உயர்வதுண்டு.

நான்காவது, புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கித் துண்டுதுண்டான டின். ஒவ்வொரு துண்டும் ஒவ்வோர் அளவில் இருப்பதால் இதற்கு நிலையான எண் கிடையாது. விளிம்புகள் கத்திபோல் இருக்கும். கையுறை இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

தங்க நகை ஒலிக்கும் இடம்

தங்கத்துக்கென்று தனி எண் கிடையாது. இரும்பின் எல்லை தொடங்கித் திருகுமூடி வரை அது பரந்து கிடக்கிறது. நகையின் வகையே இடத்தைத் தீர்மானிக்கிறது.

மெல்லிய சங்கிலி மிகக் கடினமான இலக்கு. சங்கிலி நீளமாக இருந்தாலும், கண்ணிகள் ஒன்றையொன்று அரைகுறையாகத்தான் தொடுகின்றன. அதனால் மின்னோட்டம் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் தனித்தனியே அடங்கிவிடும். கருவிக்கு அது சில மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு கம்பி வளையமாகவே தெரியும். பல நேரங்களில் சங்கிலியின் கொக்கி மட்டுமே ஒலி தரும். திருகாணி உள்ள சிறு தோடும் மூக்குத்தியும் இந்த வகையைச் சேர்ந்தவை. பட்டை உடைந்த மோதிரத்திலும் சுற்று அறுந்துவிடுவதால், முழு மோதிரம் தரும் எண்ணைவிட அது மிகவும் தாழ்ந்து ஒலிக்கும்.

மெல்லிய பெண் மோதிரங்கள் பெரும்பாலும் ஃபாயிலுக்கும் ஐந்து சென்ட் நாணயத்துக்கும் இடையில் விழும். அகலப் பட்டையுள்ள ஆண் மோதிரங்கள் டின் வளையங்களின் பகுதிக்குள் நுழையும். அமெரிக்கப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் அணியும் கனத்த பட்டமளிப்பு மோதிரங்கள் அதற்கும் மேலே போகும்.

காரட்டும் கலப்பு உலோகமும் எண்ணை மாற்றும். நிக்கல் அல்லது பல்லேடியம் சேர்ந்த வெள்ளைத் தங்கம், அதே அளவுள்ள மஞ்சள் தங்கத்தைவிடத் தாழ்ந்து ஒலிக்கும். தமிழ்க் குடும்பங்களில் வழக்கமான 22 காரட் நகையில் கலப்பு எட்டு விழுக்காட்டுச் சொச்சமே என்பதால், அது அதே அளவுள்ள 14 காரட் நகையைவிட உயர்ந்த எண் தரும். இந்தியக் குடும்பங்கள் கூடும் கடற்கரையில் தேடுபவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். 14 காரட்டை வைத்து வகுத்த எல்லை அங்கே பொருந்தாது.

ஐந்து சென்ட் நாணயம் ஓர் அளவுகோல்

அமெரிக்காவின் ஐந்து சென்ட் நாணயம் 75 விழுக்காடு செம்பும் 25 விழுக்காடு நிக்கலும் கலந்தது. எடை 5 கிராம், விட்டம் 21.2 மில்லிமீட்டர். இந்தக் கலவை மின்சாரத்தைச் சுமாராகவே கடத்துவதால், மற்ற நாணயங்களைவிட்டு மிகவும் கீழே, தங்க மோதிரங்களின் நடுப்பகுதியிலேயே அது ஒலிக்கிறது. மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 கருவியின் எண் வரிசை -9 முதல் 40 வரை செல்லும். அதில் இந்த நாணயம் 13-ஐ ஒட்டி நிற்கும். கருவிக்குக் கருவி எண் மாறினாலும், நாணயத்துக்கும் மோதிரங்களுக்கும் உள்ள நெருக்கம் மாறுவதில்லை.

இதிலிருந்து இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. முதலாவது, அந்த நாணயத்தைத் தோண்டி எடுக்கும் அளவுக்கு அமைக்கப்பட்ட கருவிதான் மோதிரத்துக்கும் ஒலிக்கும். இரண்டாவது, இடத்தைப் பற்றிய துப்பு. ஒரு பூங்காவில் பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் நாணயங்கள் அரிதாகவும் ஐந்து சென்ட் நாணயங்கள் தாராளமாகவும் கிடைத்தால், முன்பு வந்தவர்கள் உயர்ந்த எண்களை மட்டும் தோண்டிக்கொண்டு நடுத்தர எண்களை விட்டுப் போயிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அங்கே மோதிரங்களும் எடுக்கப்படாமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஒரு சமிக்ஞையைச் சோதிக்கும் வரிசை

ஒலி கேட்டதும் தோண்டாமல், கீழ்க்காணும் வரிசையில் சோதிப்பது நல்லது.

1. சுருளைத் தரைக்கு இணையாக, ஒரே வேகத்தில், குறுகிய வீச்சாகப் பலமுறை ஓட்ட வேண்டும். வீச்சுக்கு வீச்சு எண் எவ்வளவு மாறுகிறது என்று கவனிக்க வேண்டும்.

2. அதே இடத்தைச் சுற்றி வந்து, முந்தைய திசைக்குச் செங்குத்தாக மீண்டும் ஓட்ட வேண்டும். இந்தச் சோதனைதான் எல்லாவற்றிலும் பயனுள்ளது. மட்டமாகக் கிடக்கும் மோதிரம் எல்லாப் பக்கமும் சமச்சீரானது. ஈக்வினாக்ஸில் வடக்கு தெற்காக 12, 12, 13 என்று வந்தால் கிழக்கு மேற்காகவும் 12, 13, 12 என்றே வரும். நாக்கு மடங்கிய டின் வளையமோ ஒரு திசையில் 11, 14 என்றும் மறு திசையில் 15, 12, 16 என்றும் அலையும். வெட்டுண்ட டின் துண்டு அதைவிட மோசமாகத் தாவும்.

3. ஒலியின் தன்மையைக் கேட்க வேண்டும். ஹெட்போன் இதற்கு அவசியம். மோதிரத்தின் ஒலி சுருக்கமாக, தொடக்கமும் முடிவும் வழுவழுப்பாக இருக்கும். கசங்கிய தகட்டின் ஒலி ஓரங்களில் பிசிறடிக்கும்; சில நேரம் இரட்டையாகவும் கேட்கும்.

4. பொருளின் பரப்பை அளக்க வேண்டும். இடத்தைத் துல்லியமாகக் காட்டும் பொத்தானை அழுத்தி, ஒலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கலாம். பிறகு சுருளை ஒரு சாண் உயரம் தூக்கினால், சிறு பொருளின் ஒலி வேகமாகத் தேய்ந்துவிடும். முழு டின் அந்த உயரத்திலும் உரக்கவே ஒலிக்கும்.

5. சுற்றுப்புறத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரே வகைக் குளிர்பானத்தின் ஒரே வகைத் திறப்பு ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பத் தரும். ஒரு பூங்காவில் முதலில் தோண்டிய குப்பைகளின் எண்களைக் குறித்து வைத்தால் அந்த இடத்தின் குப்பை வரிசை தெரிந்துவிடும். அதில் சேராத நிலையான எண் ஒன்று வந்தால், அதுதான் முதலில் தோண்டத் தக்கது.

இந்த அறிகுறிகள் வாய்ப்பைக் கூட்டுமே தவிர முடிவைச் சொல்லாது. நாக்கில்லாத வட்ட வளையம் ஐந்து சோதனைகளிலும் மோதிரம்போலவே தேறும். மறுபுறம், செங்குத்தாக நிற்கும் மோதிரமும் பெரிய கல் பதித்த மோதிரமும் எண்ணில் அலையக்கூடும். ஆழம் கூடினாலும், பக்கத்தில் ஆணி கிடந்தாலும் எண் நிலைகுலையும்.

கையில் உள்ள நகைகளை வைத்துப் பழகுவது இந்தச் சோதனைகளைக் கூர்மையாக்கும். ஒரு மெல்லிய மோதிரம், ஒரு தடித்த மோதிரம், ஒரு தோடு, பழைய வளையம், புதிய வளையம், ஃபாயில் உருண்டை, திருகுமூடி ஆகியவற்றை ஒரு பலகையில் இடைவெளி விட்டு அடுக்கி, ஒவ்வொன்றின் எண்ணையும் ஒலியையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் குப்பைகளை மட்டும் வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, மண் அந்த எண்ணை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கலாம்.

எண்களை விலக்குவதன் விலை

குறிப்பிட்ட எண்கள் வந்தால் ஒலிக்காமல் இருக்கும்படி அமைக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. டின் வளையங்களின் எண்களை இப்படி அடைத்துவிட்டால் தேடல் அமைதியாக நடக்கும். ஆனால் அதே எண்ணில் ஒலிக்கும் மோதிரங்களும் கூடவே அடைபட்டுவிடும். ஃபாயில் பகுதியை அடைப்பவர் மெல்லிய மோதிரங்களையும் தோடுகளையும் கைவிடுகிறார்; இரும்பின் மேல் எல்லையை ஒட்டி அடைப்பவர் சங்கிலிகளைக் கைவிடுகிறார். அலுமினியத்தை எல்லாம் தள்ளித் தங்கத்தை எல்லாம் ஏற்கும் அமைப்பு ஒன்றும் இல்லை.

எனவே இந்த முடிவை இடத்தைப் பார்த்தே எடுக்க வேண்டும். மணலில் தோண்டுவது சில விநாடி வேலை. அங்கே எதையும் விலக்காமல் எல்லாவற்றையும் எடுப்பதே சரி. வாலிபால் மணற்களம், சிறுவர் விளையாட்டுத் திடலின் மரச்சீவல் பரப்பு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். புல்தரையில் ஒவ்வொரு குழிக்கும் நேரமும் உழைப்பும் ஆகும், புல்லுக்கும் கேடு. சிற்றுண்டி மேசைகளைச் சுற்றிக் குப்பை மண்டிய இடத்தில், அடிக்கடி வரும் ஒன்றிரண்டு எண்களை மட்டும் விலக்கி, மற்ற நடுத்தர எண்களைத் தோண்டுவது நியாயமான சமரசம். ஒலியை முழுவதும் அடைக்காமல், எண்ணைப் பார்த்துத் தேடுபவரே விட்டு நகர்வது இன்னும் மேல்.

அதிர்வெண்ணும் இங்கே உதவும். 5 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் பெரிய வெள்ளி நாணயங்களுக்கு ஏற்றது. 15 கிலோஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ளவை சிறு தங்கத்தை எளிதில் உணரும். ஆனால் சிறு ஃபாயிலையும் அதே கூர்மையோடு உணரும். சிறிய சுருள் ஒரே நேரத்தில் குறைந்த பரப்பையே பார்ப்பதால், குப்பைகளுக்கு இடையில் கிடக்கும் மோதிரத்தைத் தனித்துக் கேட்க உதவுகிறது.

கடற்கரையில் அடர்த்தி செய்யும் வேலை

குளிர்ந்த நீரில் விரல்கள் சுருங்குகின்றன. வெயிலுக்குப் பூசும் களிம்பு அவற்றை வழுக்கச் செய்கிறது. மோதிரங்கள் கழன்று விழ இதுவே போதும். இடுப்பளவு நீரிலும் துண்டு விரித்துப் படுக்கும் மணல் வரிசையிலும் நகை கிடைப்பது இதனால்தான்.

தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், 14 காரட்டுக்குச் சுமார் 13. அலுமினியத்துக்கு 2.7 மட்டுமே. கருவியால் காண முடியாத இந்த வேறுபாட்டை அலைகள் பிரித்துத் தருகின்றன. இலேசான அலுமினியத்தை நீர் அடித்துக்கொண்டு போய் வேறிடத்தில் சேர்க்கும். கனமான பொருள் மணலைத் துளைத்து இறங்கி, களிமண், சிப்பி அல்லது கூழாங்கல் அடுக்கில் தங்கிவிடும். ஒரு திட்டில் தூண்டில் ஈயக்குண்டுகளும் நாணயங்களும் சேர்ந்து கிடைத்து, டின் வளையங்கள் குறைவாக இருந்தால், அது கனப் பொருள்கள் தங்கும் இடம். அங்கே மெதுவாகவும் நெருக்கமாகவும் தேட வேண்டும். புயலுக்குப் பின் மேல்மணல் அரித்துப் போன கரையில் இந்த அடுக்கு சுருளுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

உப்பு நீரால் ஈரமான மணல் தானே மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அதிர்வெண் கருவிகள் அங்கே தாறுமாறாக ஒலிக்கும். அந்தச் சத்தத்தை அடக்கினால் மெல்லிய சங்கிலிகளின் ஒலியும் சேர்ந்து அடங்கும். பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவிகள் ஈர மணலுக்கு ஏற்றவை. பல்ஸ் இண்டக்ஷன் வகைக் கருவிகள் உப்பைப் பொருட்படுத்தாமல் ஆழமாகப் போகும். ஆனால் அவை உலோகங்களைப் பிரித்துக் காட்டுவதில் வலுவற்றவை. அவற்றோடு செல்பவர் ஒலித்ததை எல்லாம் சல்லடைக் கரண்டியால் அள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

கைக்கு வந்த பின் உறுதிசெய்தல்

அலுமினியமும் தங்கமும் கைக்கு வந்தபின் குழப்பம் தருவதில்லை. மண்ணில் கிடந்த அலுமினியம் சாம்பல் வெளுப்பேறி, கடலோரத்தில் வெண்மையாகப் பொரிந்திருக்கும். தங்கம் மண்ணைக் கழுவியதும் பளிச்சிடும். கை எடையே வேறுபாட்டைச் சொல்லிவிடும். உண்மையான குழப்பம் முலாம் பூசிய பித்தளையோடுதான். காந்தம் இங்கே அதிகம் உதவாது. தங்கம், அலுமினியம், பித்தளை மூன்றுமே அதில் ஒட்டாது.

மோதிரத்தின் உட்பக்கத்தை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். 10 காரட்டுக்கு 417, 14 காரட்டுக்கு 585, 18 காரட்டுக்கு 750, 22 காரட்டுக்கு 916 ஆகிய முத்திரைகள் இருக்கலாம். முத்திரை தேய்ந்திருந்தாலோ நம்பிக்கை தராவிட்டாலோ நீரில் நிறுக்கலாம். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் மோதிரத்தை முதலில் நிறுக்க வேண்டும். அது 6.00 கிராம் எனக் கொள்வோம். பின்பு தராசின் மேல் ஒரு குவளை நீரை வைத்து, காட்டும் அளவைப் பூச்சியமாக்கி, நூலில் கட்டிய மோதிரத்தை அடியிலும் பக்கத்திலும் படாமல் நீரில் முழுதும் மூழ்கத் தொங்கவிட வேண்டும். தராசு 0.46 காட்டினால் 6.00-ஐ 0.46-ஆல் வகுக்க 13 வரும். அது 14 காரட்டுக்குப் பொருந்தும். 22 காரட்டாக இருந்தால் சுமார் 0.34, பித்தளையாக இருந்தால் சுமார் 0.70, அலுமினியமாக இருந்தால் 2.2 காட்டும். கல் பதித்த நகைக்கும் உள்ளே குடைவான நகைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றை நகைக்கடையின் உரைகல்லிலோ மாற்றுப் பார்க்கும் கருவியிலோ சோதிப்பதே வழி.

உரிமையும் சட்டமும்

அண்மையில் தொலைந்த மோதிரத்துக்கு உரிமையாளர் உண்டு. பட்டமளிப்பு மோதிரத்தில் பள்ளியின் பெயர், ஆண்டு, பல நேரம் உரியவரின் பெயரெழுத்துகளும் இருக்கும். பள்ளி அலுவலகத்தின் வழியாக அவரை எட்ட முடியும். திருமண மோதிரத்தின் உள்ளே தேதி பொறித்திருக்கலாம். கண்டெடுத்த பொருளைக் காவல் நிலையத்தில் தெரிவிப்பது பற்றிய விதிகள் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தேடும் முன்பே அவற்றை அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்தத் தடை உண்டு. உள்ளூர்ப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் அந்தந்த நிர்வாகத்தின் அனுமதி விதிகளைக் கேட்டறிய வேண்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் புதையலின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தொல்லியல் சின்னங்கள் உள்ள இடங்களில் தோண்டவே கூடாது.

எந்த நாட்டிலும் தோண்டிய குழியை மூடுவதும், எடுத்த அலுமினியத்தைத் திரும்பப் போடாமல் பையில் கொண்டுபோய் மறுசுழற்சிக்குக் கொடுப்பதும் தேடுபவரின் கடமை. அதனால் அவருக்கும் பயன் உண்டு: இன்று எடுக்கப்பட்ட ஒவ்வொரு வளையத்தாலும் அந்த இடத்தின் பொய்யொலிகள் குறைகின்றன, அடுத்த தேடலில் அங்கே வரும் நடுத்தர எண் மோதிரமாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.